பிள்ளை பெற்ற வீட்டில் யார் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ரெலாவில் எங்கள் பிளாட்டுப் பெண்கள் சிலர் சேர்ந்து, பிள்ளை பெற்று வீடு திரும்பும் தாய்மாருக்கு முறை வைத்துச் சமைத்துக் கொடுக்கிறோம். ஒன்பது வருடமாக நடக்கிறது. சங்கமும் கிடையாது, பெயரும் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கும்போதே வாசலில் ஒரு கேள்வியும் வரும். வீடுதான் மாறுகிறது, சந்தேகம் அதேதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டரோ தாதியோ இல்லை. உடம்பு சம்பந்தமாக இங்கே இருப்பவை கிளினிக் மிஸ்ஸிமார் (தாதிகள்) எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவை. உங்கள் டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள்.

இப்போ எல்லாரும் ஆஸ்பத்திரியிலதானே பெத்துக்கிறாங்க. குடும்பம், அக்கம்பக்கம் எல்லாம் எதுக்கு?

சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் வலி, பால்கட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலுக்கு அழும் குழந்தை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த நாற்பது நாளை வீடுதான் பார்க்க வேண்டும்.

என் பாட்டி நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில் ஆறு பிள்ளை பெற்றவர். லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அடுத்த வீட்டுக்காரி கேட்காமலே வெந்நீர் வைப்பாள், இன்னொருத்தி மூத்த பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் படுக்க வைப்பாள் என்று சொல்வார். திரும்பவும் பால்மரம் சீவப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார். தோட்டத்து வாழ்க்கையின் கஷ்டம் எனக்குத் தெரியும், அதை அழகாக்கிச் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளை பெற்றவள் அங்கே தனியாக இல்லை. இங்கே பதினைந்தாவது மாடியில் கிரில் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் மத்தியானம் வரை பசியாறாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அன்று கேட்காமலே கிடைத்ததை இன்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லேபர் ரூமுக்குள்ள கூட ஆள் இருந்தா நிஜமாவே வித்தியாசம் இருக்கா? என் வீட்டுக்காரர் ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கிடுவார்.

வித்தியாசம் இருக்கிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வலி தொடங்கியதிலிருந்து ஒருவர் விட்டுப்போகாமல் கூடவே இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும் அறுவை குறைவாகவும் இருந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்தது. பிரசவத்தைக் கசப்போடு நினைத்துப் பார்த்தவர்களும் குறைவு. பிரசவிக்கும் பெண் விரும்பும் துணை ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2018 பரிந்துரையில் சொல்லியிருக்கிறது.

‘அவள் விரும்பும் துணை’ என்பதைக் கவனியுங்கள். அது கணவராக இருக்கலாம், அம்மாவாக, அக்காவாக இருக்கலாம். யாரை விடுவார்கள், எந்தக் கட்டத்தில் விடுவார்கள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும். எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் உள்ளே போனால் தலைமாட்டில் நின்று அவள் முகத்தை மட்டும் பார்க்கட்டும். கையைப் பிடிக்கலாம், இடுப்பை அழுத்தித் தேய்த்துவிடலாம், இடையிடையே ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாமா என்று மிஸ்ஸியைக் கேட்கலாம். முன்னதாக அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மயங்கி விழுகிறவர்களில் பாதிப்பேர் காலையிலிருந்து பட்டினி கிடந்தவர்கள் என்று ஒரு மிஸ்ஸி சொன்னார்.

தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்குத்தான் போகணுமா, மாமியார் வீட்டிலயே இருக்கலாமா?

வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். காரணம் நல்ல காரணம்தான்: பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வலிக்கிறது என்று அம்மாவிடம் யோசிக்காமல் சொல்லலாம். ஆனால் அம்மாவே பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்டு வேலை செய்கிறவர், மாமியார் வீட்டோடு இருப்பவர் என்றால்? இந்தக் காலத்தில் அது சாதாரணம். அதனால் யார் வீடு என்று கேட்பதைவிட, எந்த வீட்டில் பகலிலும் ராத்திரியிலும் ஓய்வான இரண்டு கை இருக்கிறது என்று கேளுங்கள். எந்த வீட்டில் நீங்கள் தயங்காமல் படுத்துத் தூங்குவீர்கள் என்றும் கேளுங்கள்.

எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று முடிவானதும் உங்கள் தாய்சேய் நல கிளினிக்கில் முகவரியைச் சொல்லிவிடுங்கள். பாலத்தைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்துக் கிளினிக்கிலிருந்து தாதி வருவார். கர்ப்பகாலப் பதிவுகள் உள்ள பிங்க் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மிஸ்ஸி வீட்டுக்கு வர்றாங்களாம். வீடு அலங்கோலமா கெடக்கு, வேணாம்னு சொல்லிடவா?

சொல்லவே சொல்லாதீர்கள். வீட்டைப் பார்க்க அவர் வரவில்லை. உங்கள் ரத்த அழுத்தம், தையல், கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறதா, ரத்தப்போக்கு எப்படி, குழந்தையின் தொப்புள், எடை, மஞ்சள் நிறம், பால் குடிக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவார். முதல் சில வாரத்தில் இப்படிப் பல முறை வருவார்கள், காசு கிடையாது. அவர் வரும் நேரத்தில் அத்தையோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பத்தியம் பற்றிய வாக்குவாதங்கள் பல, அந்தப் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அவருக்கு ஏழு நாள்தான் லீவு. ஏழு நாள்ல ஒரு ஆம்பளை என்ன செஞ்சிட முடியும்?

நிறையச் செய்யலாம். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் வேலை செய்யும் மணமான ஆண்களுக்குத் தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், எதிர்பார்க்கும் தேதிக்கு 30 நாள் முன்பே தெரியப்படுத்த வேண்டும், ஐந்து பிரசவம் வரை கிடைக்கும். 2012-இல் எனக்கு மூத்தவன் பிறந்தபோது இந்தச் சட்டம் இல்லை. என் கணவருக்கு கம்பெனியில் இரண்டு நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் நைட் ஷிப்டுக்குக் கிளம்பியபோது கதவருகே நின்று நான் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஏழு நாளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பதைவிட முக்கியமான வேலைகள் உள்ளன. பாசாருக்குப் போவது, துணி துவைப்பது, மூத்த பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது, ராத்திரி பால் குடித்த பிறகு குழந்தையை ஏப்பம் விட வைத்துத் தூங்க வைப்பது, வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்புவது. அப்புறம் ஜேபிஎன் என்ற தேசியப் பதிவு இலாகாவில் பிறப்புப் பதிவு. தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். எட்டாம் நாள் அவர் வேலைக்குப் போனதும் இந்த வேலைகளை யார் எடுத்துக்கொள்வது என்று பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

98 நாள் லீவு எல்லா பொம்பளைக்கும் உண்டா?

தீபகற்பத்தில் முதலாளியிடம் வேலை செய்யும் பெண்களுக்கு, அதே 2023 மாற்றத்திலிருந்து, பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. சம்பளத்தோடு கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கனவே ஐந்து பிள்ளைகள் இருந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் கட்டாயமில்லை. மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

பத்தியம்னு மாமியார் சொல்றதெல்லாம் கேக்கணுமா?

எங்கள் குழுவில் அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் ஒன்று: பத்தியச் சாப்பாடு என்பது, வீட்டில் ஒருத்தர் அடுப்படியில் நின்று பிள்ளை பெற்றவளுக்கென்றே சூடாகச் சமைத்துப் போடுவது. அந்த அன்பை மறுக்க வேண்டாம். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி சூப்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

மாற்ற வேண்டியது சில. தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும், குறைத்தால் மலச்சிக்கல் வந்து தையல் வலி இன்னும் கூடும். பழமும் காய்கறியும் குளிர்ச்சி என்று நிறுத்தாதீர்கள். பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்வது நம் வீடுகளில் பழக்கம், ஆனால் சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் அதிகம். அது பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். கெம்போங் மீனில் அதே மாதிரிப் புட்டு செய்து பாருங்கள், ருசி நன்றாகவே இருக்கும். சில வீடுகளில் உடம்பு சூடாகட்டும் என்று பிராந்தி கொடுப்பார்கள். அதுவும் பாலில் கலக்கும், வேண்டாம். குழந்தையின் நாக்கில் வைக்கும் சேனைத் தண்ணீரும் தேனும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஆபத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? “நீங்க சொல்றது தப்பு அத்தை” என்று மருமகள் சொன்னால் சண்டைதான். மகன் சொல்லட்டும், அல்லது முன்னே சொன்னபடி மிஸ்ஸி வரும் நாளில் அவர் வாயாலேயே வரட்டும். சேனை வைக்க ஆசைப்பட்ட ஒரு பாட்டிக்கு, குழந்தையை முதன்முதலில் தூக்கிப் பெயரைக் காதில் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள் அந்த வீட்டில். பாட்டிக்கு முழுத் திருப்தி.

வேது குளியல், வயிறு கட்டுறது, மலாய்க்கார மருத்துவச்சியை (பிடான்) கூப்பிட்டு உருவி விடுறது, இதெல்லாம் செய்யலாமா?

சுகப்பிரசவம் என்றால் வெதுவெதுப்பான குளியலும் மெதுவான தேய்ப்பும் உடம்புக்கு இதம். அந்த அரை மணி நேரம் யாரோ ஒருவர் தாயின் உடம்பைக் கவனிக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். மக் பிடானை அழைக்கும் தமிழ் வீடுகள் இங்கே நிறைய. அறுவை என்றால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வயிற்றில் கை வைக்கக் கூடாது. வயிற்றுக்கட்டு மூச்சு முட்டும்படி இருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்த்துவிடவே கூடாது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முப்பது நாளும் கட்டிலைவிட்டு இறங்காமல் கிடப்பதும் இந்த ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும். வீட்டுக்குள் மெதுவாக நடங்கள்.

பாட்டி பழைய சேலை குடுத்தாங்க, தூளி கட்ட. கட்டலாம்தானே?

கட்டுங்கள், ஆனால் முதலில் சேலையை முகர்ந்து பாருங்கள். அலமாரியில் போடும் வெள்ளைப் பாச்சை உருண்டை வாசம் இருந்தால் அந்தச் சேலை வேண்டாம். ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசமே ரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். முடிவைக் கேட்டு வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும். குறைபாடு இருக்கிறதோ இல்லையோ, கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம் என்பது என் எண்ணம்.

குழந்தை மஞ்சளா இருக்கு. வெயில்ல காட்டினா போதும்னு அத்தை சொல்றாங்க.

போதாது. வெயில் இதற்கு வைத்தியம் இல்லை, பச்சைக் குழந்தையின் தோல் வெந்துபோகும், உடம்பில் நீரும் வற்றும். கிளினிக்கில் அளவைப் பார்த்து, தேவையானால் நீல விளக்கு வைத்தியம் கொடுப்பார்கள். பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் உடனே கொண்டுபோங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் போகாமல், மலமும் வெளுத்துப் போனால் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும்.

பார்க்க வர்றவங்களை எப்படித் தடுக்கிறது? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமே.

தடுக்க வேண்டாம், வேலை கொடுங்கள். “வாங்க சித்தி, வரும்போது கொஞ்சம் கீரை வாங்கிட்டு வாங்க” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வந்தவர்களுக்குப் பிள்ளை பெற்றவள் மைலோ கலக்கிக் கொடுக்கக் கூடாது. இது எங்கள் குழுவில் சட்டம் மாதிரி. சளி, காய்ச்சல், இருமல், உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் முப்பதாம் நாள் விசேஷத்துக்கு வந்து பார்க்கட்டும். குழந்தையின் முகத்தில் முத்தம் யாருக்குமே வேண்டாம்.

எனக்கு அம்மா இல்ல. அவர் பக்கத்து ஆளுங்க ஜொகூர்ல. எங்களுக்குன்னு இங்க யாருமே இல்லையே?

இந்தக் கேள்வியால்தான் எங்கள் குழுவே தொடங்கியது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏழாம் மாதத்திலேயே ஒரு தாளில் மூன்று பெயர் எழுதுங்கள். ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுப்பவர், ஒருவர் கார் வைத்திருப்பவர், ஒருவர் உங்கள் மூத்த பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொள்ளக் கூடியவர். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவாக, கீழ்மாடிச் சீன ஆண்ட்டியாக, கோயிலில் பார்த்த அக்காவாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பது இங்கே மூன்று இனத்துக்கும் தெரிந்த விஷயம். மலாய்க்காரர்களுக்குப் பந்தாங் என்ற பத்தியம் உண்டு, சீனர்களுக்கும் ஒரு மாதக் காப்பு உண்டு. கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் முறை எளிது. பத்துப் பதினைந்து வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு நாள். மத்தியானச் சோறும், ராத்திரிக்கும் ஆகும்படி ஒரு குழம்பும். பாத்திரத்தில் வீட்டு எண் எழுதி கிரில் கதவில் மாட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் சொல்வோம். மணி அடிப்பதில்லை, உள்ளே போவதில்லை, அவள் கூப்பிட்டால் மட்டும் போவோம். கூப்பிட்டால் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைக் குளிக்கவோ தூங்கவோ அனுப்புவோம். போன வருடம் ஒரு பெண், பத்தாம் நாள்தான் முதன்முதலாகக் கூப்பிட்டாள். நாங்கள் போனதும் இரண்டரை மணி நேரம் அசையாமல் தூங்கினாள்.

பத்து நாளா அழுகை நிக்கல. சாமி குத்தமா, கண்ணு பட்டுடுச்சா?

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் தானாகவே குறையும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் அழுகை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, எதிலும் ஒட்டாமை, நான் நல்ல தாய் இல்லை என்ற எண்ணம் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. காய்ச்சல் மாதிரி இதுவும் நோய், வைத்தியம் உண்டு. கிளினிக்கில் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளை வைத்தே முதல்கட்டமாகக் கண்டுபிடிக்கலாம். சுற்றிப்போடுங்கள், அர்ச்சனையும் செய்யுங்கள், கூடவே கிளினிக்குக்கும் போங்கள்.

இதைப் பெரும்பாலும் அவளே சொல்லமாட்டாள். கூட இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். “பாப்பா எப்படி இருக்கு?” என்று எல்லாரும் கேட்கிறோம். “நீ எப்படி இருக்கே, ராத்திரி தூங்கினியா?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். பேச ஆள் வேண்டுமானால் ஹீல் எண் 15555, பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ ஒரு நிமிடமும் தனியாக விடாமல் 999-ஐ அழையுங்கள்.

தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு எட்டாம் மாசம் பிள்ளை தவறிப்போச்சு. அந்த வீட்டுக்குப் போலாமா? என்ன பேசறதுன்னே தெரியல.

போங்கள். நம் ஆட்கள் தீட்டு, தோஷம், நம் வீட்டுக் கர்ப்பிணிக்கு ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் தையல் இருக்கிறது, ரத்தப்போக்கு இருக்கிறது, மூன்றாம் நாள் பாலும் கட்டும். பத்தியச் சாப்பாடு அவளுக்கும் வேண்டும். எங்கள் முறையில் அந்த வீட்டையும் அதே போலத்தான் வைத்திருக்கிறோம், நாட்களைக் குறைப்பதில்லை.

பேச எதுவும் வேண்டாம். “இன்னொண்ணு பெத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். வேலை செய்யும் பெண் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: 22 வாரத்துக்குப் பிறகு நடந்த பிரசவம் என்றால், குழந்தை உயிரோடு பிறக்காவிட்டாலும் அந்த 98 நாள் விடுப்பு சட்டப்படி அவளுக்கு உண்டு.

எங்களுக்குக் கோயில்லதான் தாலி கட்டினது, ரிஜிஸ்டர் பண்ணல. பிள்ளைக்கு சூராட் (பிறப்புப் பத்திரம்) எடுக்க முடியுமா?

பிறப்பைப் பதியலாம், பதியவும் வேண்டும். ஆனால் 1982 மார்ச் 1-க்குப் பிறகு நடந்த திருமணத்தைப் பதிவு செய்யாவிட்டால் சட்டம் அதை ஏற்பதில்லை. அப்போது தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் பத்திரத்தில் ஏறும், பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமையும். தாய் மலேசியர் இல்லை என்றால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் வயதில் பெரிய கஷ்டம் வரும். அந்தக் கஷ்டத்தை நம் குடும்பங்களில் நேரில் பார்த்திருக்கிறேன், மனது தாங்காது.

வளைகாப்புக்கு மண்டபம் தேடும் பெரியவர்கள் அதற்கு முன் இந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: “ரிஜிஸ்டர் பண்ணியாச்சா?” இல்லை என்றால் குழந்தை பிறப்பதற்கு முன்பே ஜேபிஎன்-க்குக் கூட்டிப்போங்கள். அடையாள அட்டையோடு துணைக்கு ஒருவர் போனாலே பாதிப் பயம் போய்விடும்.

இவ்வளவு பேர் செஞ்சதை எப்படித் திருப்பிக் குடுக்கிறது?

உடனே எதுவும் செய்ய வேண்டாம். பாத்திரத்தைக் கழுவிக்கூட அனுப்ப வேண்டியதில்லை, கதவில் மாட்டிவிடுங்கள், எடுத்துக்கொள்வோம். உடம்பு தேறி, குழந்தை இராத்திரி கொஞ்சம் தூங்க ஆரம்பித்ததும் முறையில் உங்கள் பெயரையும் போடுங்கள். சமைக்கத் தெரியாவிட்டால் அரிசி வாங்கிக் கொடுக்கலாம், கார் ஓட்டலாம், யாருடைய மூத்த பிள்ளையையாவது ஒரு சாயங்காலம் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போகலாம். அடுத்த மாதம் ஒன்பதாம் மாடியில் ஒருவருக்குத் தேதி. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.